முந்தின மாலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இதில் முக்கியமான பகுதியை நான் என் கண்ணால் பார்க்கவில்லை. தாஹிரா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாஹிரா எங்கள் அலுவலகத்தில் போன் எடுக்கிறவள். கொஞ்சம் ஏற்றிச் சொல்வாள், ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்ல மாட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடி சொல்கிறேன். நான் சேர்க்கிற இடத்தில் சேர்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நீங்கள்தானே கேட்டீர்கள், “மடியில மைசூர்பா பெட்டிய வச்சுக்கிட்டு மூஞ்சிய ஏம்மா இப்பிடித் தூக்கி வச்சிருக்க?” என்று. வேலை நிரந்தரமாகியிருக்கிறது அக்கா. சந்தோஷமான விஷயம்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். போனில் சொல்லவில்லை. எங்கள் அப்பா கயத்தாறு பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கல்யாண மண்டபம் எதற்காவது தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால், “பாப்பா, இன்னைக்கு உங்க மண்டபத்துக்குத்தான் ஒரு லோடு ஊத்துனேன்” என்பார். எல்லா மண்டபமும் எங்கள் மண்டபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் கம்பெனி வேலை அதுதான். மண்டபம் பதிவு செய்து கொடுப்பது. நீங்கள் மகளுக்கு மண்டபம் பார்க்கத்தான் மதுரை போவதாகச் சொன்னீர்கள் இல்லையா, அப்படியென்றால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

எந்த மண்டபம் எந்தத் தேதியில் யாருக்கு என்று ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. அது ஓர் இயந்திரத்தில். அதை நாங்கள் மூலம் என்போம். அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்கிற வேறு இரண்டு இயந்திரங்கள் உண்டு. அவை நகல். நீங்கள் போனில் தேதி காலியா என்று பார்க்கிறீர்களே, அது நகலில் பார்ப்பது. பதிவு செய்யும்போதுதான் மூலத்துக்குப் போகும். எல்லாரும் மூலத்திலேயே போய்ப் பார்த்தால் அது தாங்காது. நகல் கொஞ்சம் பின்தங்கி வரும். சாதாரண நாளில் கண் சிமிட்டுகிற நேரம்தான். கூட்டமான நாளில் கூடும். அதனால்தான் காலி என்று காட்டும், தொட்டால் இல்லை என்று சொல்லும். உங்களுக்கும் அப்படி ஆயிற்றா? ஆகும். அது ஏமாற்று இல்லை அக்கா. நகல் பழசைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அங்கே நானும் ரகுநந்தனும் ஒரே நாளில் டிரெய்னியாகச் சேர்ந்தோம். வருட முடிவில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள்.

ரகுநந்தனைப் பற்றி என்ன சொல்ல. அப்பா பேராசிரியர். தாத்தா தலைமையாசிரியர். வீட்டில் ஒரு நாய், அதற்கு ஆங்கிலம் புரியும். நான் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக் கட்டணச் சலுகையில் படித்தவள். அந்தச் சான்றிதழுக்காக நான் தாலுகா ஆபீசில் காத்துக்கிடந்த நேரத்தில் அவன் நீச்சல் வகுப்பு முடித்திருப்பான். இதையெல்லாம் அவன் சொல்லிக் காட்டினதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

என் பெயர் முப்பிடாதி. அலுவலகத்தில் எல்லாரும் முப்பி என்று வெட்டிவிட்டார்கள். அவன் ஒருவன்தான் முழுசாகக் கூப்பிடுவான். அதுவும் எனக்குப் பிடிக்காது. நிதானமாக, ஓர் எழுத்தைக்கூட விடாமல் சொல்வான். பார், உன் பெயர் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று காட்டுகிற மாதிரி.

நாங்கள் வேலை செய்தது பெஞ்சமின் சாரிடம். நான் ஒன்றைச் செய்துவிட்டு நாலு தடவை சரிபார்த்துக் கொடுப்பேன். “குட்” என்பார். அவன் ஒரு தடவை பார்த்துக் கொடுப்பான். அதற்கும் “குட்” என்பார். எனக்கு எப்படி இருக்கும்?

அடுத்து ‘முந்தின மாலை’ வந்தது.

உங்களுக்குத் தெரியும், கல்யாணம் என்றால் ஒரு நாள் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன். எங்கள் அட்டவணையில் மண்டபத்துக்கு ஒரு தேதிதான் இருந்தது. முந்தின மாலை யாருக்கு என்பதை அந்தந்த மண்டப மேனேஜர் வாயால் பேசி முடித்துக்கொள்வார். இன்றைக்குக் கல்யாணம் முடித்தவர்கள் மூட்டை கட்டவில்லை, நாளைக்குக் கல்யாணம் வைத்தவர்கள் மேளத்தோடு வாசலில் நிற்கிறார்கள் என்று மாதத்துக்கு ஒரு சண்டையாவது தாஹிராவுக்குப் போனில் வரும். எல்லாரும் அதைக் கேட்டுச் சிரிப்போம். நானும் கேட்டேன். சிரித்தேன். ரகுநந்தன் மட்டும், “சார், அட்டவணைல முந்தின மாலைக்குன்னு தனியா ஒரு பத்தி சேத்துட்டா என்ன?” என்று கேட்டான்.

அவ்வளவுதான். ஒரு பத்தி, தேதிக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக இன்னொரு வரிசைக் கட்டம். பெஞ்சமின் சார் எழுந்து நின்றுவிட்டார். ஓனர் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, “கண்ணு, இது ஏன் இத்தனை வருசமா ஒருத்தருக்கும் தோணல?” என்று அவன் தோளைத் தட்டினார். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும் அக்கா. தண்ணீர் லாரிக்காரர் மகள் நான். முந்தின மாலை எத்தனை மண்டப வாசலில் எங்கள் அப்பா லாரியோடு காத்துக்கிடந்திருக்கிறார். எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதில் ஏதாவது ஓட்டை இருக்கும், பழைய பதிவுகளில் எங்காவது இடிக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு எண்ணம். பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். எச்சரிக்கை என்று நான் நினைத்தேன். இரண்டும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடத்து முகூர்த்தத் தேதிகளை நாங்கள் ஒரே நாளில் திறப்போம். திருவிழா மாதிரி இருக்கும். பத்து மணிக்குத் திறந்தால் வைகாசியும் ஆவணியும் மத்தியானத்துக்குள் போய்விடும். அன்றைக்குக் காலையில், திறப்பதற்கு முன்னால், ரகுநந்தன் புதுப் பத்தியைச் சேர்ப்பதாக ஏற்பாடு. அது சின்ன வேலை. தும்மி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

நான் சீக்கிரமே வந்துவிட்டேன். நகலில் பார்த்தேன். அன்றைக்கு நகல் பின்தங்கியிருந்தது. பழசு தெரிகிறது. பழசை வைத்துக் குறை சொல்ல முடியுமா? சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். மூலத்தில் பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. அவனுக்கு உண்டு. அதுவும் ஒரு எரிச்சல். அவனிடமே போய்க் கேட்டேன்.

“நகல்ல பாத்தா பத்தாதா முப்பிடாதி?”

“பத்தாது. அது பழசக் காட்டுது.”

“எதுக்குப் பாக்கற?”

“சும்மாதான். பழைய பதிவு எதுவும் இடிக்குதான்னு.”

“அட, நல்லதுதான். பாரு” என்று எழுந்து வந்தான். என் லேப்டாப்பில் அவனே அவன் பாஸ்வேர்டைத் தட்டி, அவன் பெயரில் உள்ளே விட்டான். “பாக்க மட்டும்தான், சரியா?” என்றான். நான் அவன் வேலையில் குறை கண்டுபிடிக்கப் போகிறேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வசதியாக வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் அக்கா, யாரும் தங்களுக்குக் கெடுதல் நினைப்பார்கள் என்றே தோன்றாது.

பார்த்தேன். ஒழுங்காகத்தான் பார்த்தேன். நாங்கள் பார்க்கும்போது ‘தொடக்கம்’ என்று ஒரு கட்டளை கொடுத்துவிட்டுப் பார்க்கலாம். அப்படிக் கொடுத்தால், நாம் பார்த்து முடிக்கிற வரைக்கும் அட்டவணை அந்த நொடியில் இருந்த மாதிரியே நமக்குத் தெரியும். நடுவில் யார் என்ன மாற்றினாலும் நம் கணக்கு குழம்பாது. அவசரக்காரர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். நான் செய்வேன். மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். ஒரு குறைகூட இல்லை. எங்கேயும் இடிக்கவில்லை. சுத்தமாக இருந்தது.

அந்த நேரத்தில் போன். ஊரிலிருந்து அம்மா பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டிருந்தார். ஊறுகாயும் ஒரு சேலையும். “கண்டக்டர் சிங்காநல்லூர்ல எறக்கி வச்சுருவாராம். ஒடனே போயி வாங்கிக்கோ, இல்லேன்னா அந்த பஸ்ஸே திருப்பி இங்க கொண்டாந்துரும்.” எனக்கு இருந்த மனநிலைக்கு வெளியே போனால் போதும் என்று இருந்தது. லேப்டாப்பை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பெஞ்சமின் சாரிடம் பர்மிஷன் கேட்டுவிட்டுத்தான்.

இனி தாஹிரா சொன்னது.

ரகுநந்தன் பத்தியைச் சேர்க்கக் கட்டளை கொடுத்தான். தும்மி முடிப்பதற்குள் முடிய வேண்டியது, முடியவில்லை. நிற்கிறது. சரி, வரும் என்று உட்கார்ந்திருக்கிறான். பத்து மணி ஆகிவிட்டது. தேதிகள் திறந்துவிட்டன. ஒரு பதிவும் விழவில்லை. ஒன்றுகூட. தாஹிராவின் மேசையில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. “காலின்னு காட்டுது, பணம் கட்டப் போனா சுத்திக்கிட்டே இருக்குதுங்க!” நகல் வேலை செய்கிறது இல்லையா, அது எல்லாருக்கும் எல்லா மண்டபமும் காலி என்று சிரித்த முகமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. மூலமோ யாரையும் உள்ளே விடவில்லை.

எப்படி என்றால் அக்கா, கல்யாண மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பொண்ணு மாப்பிள்ளையோடு யாரோ ஒருவர் போட்டோவுக்கு நிற்கிறார். அவர் யாருக்கும் தொந்தரவு செய்யவில்லை, சும்மா நிற்கிறார். இன்னும் பத்துப் பேர் ஏறி நின்றாலும் நிற்கலாம். ஆனால் பின்னாடி இருக்கிற அலங்காரத்தை மாற்ற ஆள் வந்தால்? மேடையில் ஆள் இருக்கும்போது கழற்ற முடியாது. அவன் ஏணியோடு படியில் நிற்பான். அவன் நிற்கிறதால் அவனுக்குப் பின்னால் பரிசுப் பொட்டலத்தோடு வந்தவர்கள் யாரும் ஏற முடியாது. கூட்டம் வாசல் வரைக்கும் போய்விடும். எல்லாரும் ஏணிக்காரனைத்தான் திட்டுவார்கள். மேடையில் நிற்கிறவரை யாரும் பார்க்க மாட்டார்கள். இதைத்தான் நாங்கள் பூட்டு என்கிறோம். யாரும் வேண்டுமென்று போடுகிறதில்லை. நின்றாலே விழுந்துவிடும்.

பெஞ்சமின் சார் ஓடி வந்து, “அட்டவணைய யாருப்பா புடிச்சுக்கிட்டு நிக்கறது? மொதல்ல அதப் பாரு!” என்று கத்தியிருக்கிறார். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் இயந்திரம் சொல்லும். ரகுநந்தன் கேட்டுப் பார்த்தான். தாஹிரா சொன்னாள்: “திரும்பி உன் சேரத்தான்டி பாத்தான்.” ஏன் பார்த்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் இருந்திருந்தால் சிரித்திருப்பேன் என்ற பயம். வேறென்ன?

ஏதோ தட்டினான். அந்த இணைப்பு அறுந்தது. பத்தி சேர்ந்தது. பதிவுகள் மடமடவென்று விழ ஆரம்பித்துவிட்டன.

“யாரோடதுடா அது?” என்று பெஞ்சமின் சார் கேட்டார்.

“என்னோடதுதான் சார். என் பேர்லதான் இருந்துச்சு. காலைல உள்ள போனத மூடாம விட்டுட்டேன்.”

“நீயே உள்ள நின்னுக்கிட்டு, நீயே வெளியவும் நின்னியா?”

“ஆமாங்க சார்.”

அதற்குள் நடந்தது நடந்துவிட்டது. அவினாசி பக்கம் ஒரு மண்டபத்துக்கு, காலி என்று காட்டுகிறதே என்று இரண்டு வீட்டார் நேரிலேயே போய்விட்டார்கள். ஒரே ஆவணி முகூர்த்தம். இரண்டு பேரிடமும் தட்டில் வெற்றிலை பாக்கு. இரண்டு பேர் போனிலும் எங்கள் நகல், காலி, காலி. தாய்மாமன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மண்டபக்காரர் அன்றைக்கே எங்களை விட்டு விலகிவிட்டார். அவரிடம் மட்டும் நாலு மண்டபம்.

நான் ஊறுகாய்ப் பையோடு திரும்பி வந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. என் லேப்டாப் மடித்தது மடித்தபடி இருந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இத்தனை பெரிய தப்பு. செய்தவனை என்ன செய்ய வேண்டும்? ஓனர் அம்மா ஒரு பூசணிக்காய் வாங்கி வரச் சொன்னார். “அந்தப் பையன் நல்ல யோசனை சொன்னான், யாரு கண்ணு பட்டுதோ” என்று அவனை வாசலில் நிற்கவைத்துச் சுற்றி உடைத்தார். தப்புச் செய்தவனுக்குத் திருஷ்டி கழிக்கிறார்கள் அக்கா! நானும் நின்று பார்த்தேன். குங்குமம் என் செருப்பில்தான் தெறித்தது.

பெஞ்சமின் சார் மீட்டிங்கில், “தப்பு எல்லாரும் பண்ணுவாங்க. என்னோடதுன்னு சொல்றதுக்குத்தான் ஆளில்ல. ரகு சொன்னான்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் படித்த கல்லூரியில் நன்னடத்தைப் பரிசு நாலு வருடமும் எனக்குத்தான். நேர்மை என்று ஒன்றைத்தான் நான் என் சொத்தாக வைத்திருக்கிறேன். அதையும் அவன் எடுத்துக்கொண்டான். ஒரே வரியில். இதே தப்பை நான் செய்து, என்னோடது என்று சொல்லியிருந்தால் கை தட்டியிருப்பார்களா? அன்றைக்கே பையை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். அவனுக்கு அப்பா இருக்கிறார், வீடு இருக்கிறது, நாய் இருக்கிறது. அவனால் நேர்மையாக இருக்க முடியும்.

கை தட்டினார்களே தவிர, நாலு மண்டபம் போனது போனதுதானே. வருட முடிவில் இடம் எனக்கு வந்தது. “ரகுவ வச்சுக்கத்தான் ஆசை. ஆனா அந்த மண்டபம் போனதுக்கு மேலிடத்துல என்ன பதில் சொல்றது?” என்று பெஞ்சமின் சார் என்னிடமே சொன்னார். என் கடிதத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார் அக்கா.

எனக்கு நிரந்தரமான அன்று யாரும் கேக் வாங்கவில்லை. அவன் போகிற அன்று வாங்கினார்கள். தாஹிரா அழுதாள். வாட்ச்மேன் அண்ணன் அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். நான் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் தப்பாக நினைப்பார்கள்.

எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என் மேசைக்கு வந்தான்.

“பாஸ்வேர்ட மாத்திட்டேன் முப்பிடாதி. இனி உனக்கே குடுத்துருவாங்க. உன் பேர்லயே போ.”

“சரி.”

“பாத்து முடிச்சதும் வெளிய வந்துரு.”

அவ்வளவுதான் சொன்னான். போகும்போதும் எனக்குப் பாடம். நிரந்தரமானது நான், பாடம் எடுக்கிறது அவன். எனக்குச் சுருக்கென்று வந்தது. “அதெல்லாம் எனக்குத் தெரியும்” என்றேன். சிரித்தான். அவன் சிரிப்பில் குத்தல் இருந்ததா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். இருந்த மாதிரித் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்று தெரியாது. தாஹிராவிடம் கேட்டால் சொல்வாள். கேட்கவில்லை.

ஒட்டன்சத்திரம் வந்துவிட்டதா? டீ குடிக்க இறங்குகிறீர்களா? இருங்கள் அக்கா, ஒன்று பாக்கி இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்வதாகச் சொன்னேன். இதை விட்டுவிட்டால் நான் சொன்னதில் பாதி பொய்யாகிவிடும்.

போன வாரம் எனக்கும் மூலத்துக்குள் போக அனுமதி கொடுத்தார்கள். என் பெயரில். மூலத்தை நாங்கள் நேராகத் தொட மாட்டோம். நடுவில் இன்னொரு இயந்திரம் இருக்கிறது, அதற்குள் நுழைந்து அங்கிருந்து போக வேண்டும். பழகுவதற்கென்று ஒரு வெற்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். அதில் ‘தொடக்கம்’ கொடுத்தேன். பார்த்தேன். அன்றைக்குச் செய்த மாதிரியே லேப்டாப்பை மடித்து வைத்தேன். கேன்டீன் வரைக்கும் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். என் லேப்டாப்பைத் திறக்காமல், தாஹிராவின் கணினியிலிருந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். முப்பிடாதி என்று காட்டியது. அந்த வெற்று அட்டவணையில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். நின்றது. தாஹிரா, “என்னடி, அதையே மொறச்சுப் பாத்துக்கிட்டிருக்க?” என்றாள். நின்றுகொண்டே இருந்தது. அங்கிருந்தே என் இணைப்பை அறுத்தேன். உடனே சேர்ந்துவிட்டது.

ரகுநந்தன் இதை அன்றைக்கே, என் சேரைத் திரும்பிப் பார்த்த அந்த நொடியிலேயே தெரிந்துகொண்டுவிட்டான். எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இதிலும் அவன்தான் முந்தி.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அடிக்கடி கரண்ட் போகும். போனால் எல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்துதான். மடித்தாலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மடித்தால் திரை மட்டும்தான் அணைகிறது அக்கா. அந்த நடு இயந்திரம் வழியாக உள்ளே போனவர் உள்ளேயேதான் நிற்கிறார். இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டேன்.